ஓப்பன் சோர்ஸ் வெப் ஃப்ரேம்வொர்க்கில் புதிய வசதி கேட்பதும் விவாதிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரேம்வொர்க் என்பது இணையதளம் கட்டுவதற்கான ஆயத்த அடித்தளம். அதைக் கொஞ்ச காலம் பயன்படுத்திய எவருக்கும் "இது மட்டும் உள்ளேயே இருந்திருந்தால்" என்று தோன்றும். அதை எழுதிக் கேட்கப் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. புதிதாகப் பங்களிக்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒரு வசதி வேணும்னா இஷ்யூ (திட்டத்தின் தளத்தில் பதியும் கோரிக்கை) திறந்து கேட்டா போதாதா? எதுக்கு இவ்வளவு விவாதம்?

வசதியைச் சேர்ப்பது ஒருமுறை நடக்கிற வேலை. அதைக் காப்பாற்றுவது ஆண்டுக்கணக்கில் தொடர்கிற வேலை. டாக்குமென்டேஷன் எழுத வேண்டும், டெஸ்டுகள் வேண்டும், மொழியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும், பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் இரவோடு இரவாகச் சரிசெய்ய வேண்டும். ஏற்கனவே இருக்கும் மற்ற வசதிகளோடு அது எங்கெங்கே உரசும் என்பதையும் யாராவது யோசித்தாக வேண்டும்.

சேர்த்ததை எடுப்பதும் லேசில்லை. ரிலீஸ் ஆன மறுநாளே யாரோ அதை நம்பித் தங்கள் தளத்தைக் கட்டத் தொடங்கியிருப்பார்கள். அதனால் விவாதம் "இது நல்ல யோசனையா?" என்பதோடு நிற்பதில்லை. "இதை நாம் எல்லோரும் பத்து ஆண்டு சுமக்கத் தயாரா?" என்பதுதான் அங்கே உண்மையில் பேசப்படும் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மெயின்டெய்னர்கள் (திட்டத்தைப் பராமரிப்பவர்கள்) சொல்லும் பல பதில்கள் கடுமையாகத் தோன்றாது.

பக்குக்கும் வசதிக் கோரிக்கைக்கும் எங்க கோடு போடுறது?

டாக்குமென்டேஷன் சொன்னபடி நடக்கவில்லை என்றால் பக். சொல்லாத ஒன்றை எதிர்பார்த்தால் வசதிக் கோரிக்கை. டாக்குமென்டேஷன் வாயே திறக்காத இடங்களில் மட்டும் கவனம் தேவை. உங்களுக்குத் தவறாகத் தெரியும் நடத்தையை நம்பி ஆயிரம் பேர் கோடு (நிரல்) எழுதியிருக்கலாம், அப்போது அதைத் "திருத்துவது" புதிய வசதி சேர்ப்பதற்குச் சமம்.

நல்ல முன்மொழிவுன்னா எப்படி இருக்கணும்? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

தீர்வைக் கொண்டு வருவதற்கு முன் சிக்கலைக் கொண்டு வாருங்கள். "ஃபார்மை இரண்டு முறை சமர்ப்பிப்பதைத் தடுக்கும் வசதி வேண்டும்" என்று ஒரே வரியில் கேட்டால், படிப்பவர் உங்கள் நிலைமையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு கற்பனை செய்வார்கள், விவாதமும் ஆளுக்கொரு திசையில் போகும்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள். "பணம் செலுத்தும் பக்கத்தில் பயனர் பட்டனை இருமுறை அழுத்தினால் இரண்டு ஆர்டர்கள் பதிவாகின்றன. பட்டனை ஜாவாஸ்கிரிப்ட்டால் முடக்கினோம். நெட்வொர்க் தொங்கும்போது பயனர் பக்கத்தை ரீலோட் செய்து மறுபடி அனுப்புகிறார். ஃபார்மில் ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கன் (அடையாளக் குறி) ஒன்றை வைத்து, அதைச் செஷனில் (பயனரைப் பற்றிச் சர்வர் நினைவில் வைக்கும் தகவலில்) சரிபார்த்தோம். இரண்டு ரிக்வெஸ்ட்டும் சில மில்லி செகண்ட் இடைவெளியில் வந்தால், முதலாவது டோக்கனை அழிப்பதற்குள் இரண்டாவது அதைப் படித்துவிடுகிறது, இரண்டும் உள்ளே போய்விடுகின்றன. செஷனைப் பூட்டிவிட்டுப் படிக்க ஃப்ரேம்வொர்க்கில் வழியில்லை." இதில் என்ன நடக்கிறது, எதையெல்லாம் முயன்றீர்கள், எந்த இடத்தில் ஃப்ரேம்வொர்க் கைவிடுகிறது என்று மூன்றுமே இருக்கின்றன. இதைப் படிப்பவர் உங்களோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்குவார்.

எழுதுவதற்கு முன் பழைய விவாதங்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள். மூடப்பட்டவற்றையும் சேர்த்துத்தான். முந்தைய விவாதத்தின் இணைப்பைக் கொடுத்து, "அப்போது இந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள், இப்போது இது மாறியிருக்கிறது" என்று தொடங்கும் முன்மொழிவுக்குத் தனி மரியாதை உண்டு.

ஆர்எஃப்சி, டிஇபி அப்படின்னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

பெரிய மாற்றங்களை எழுத்தில் வைத்து விவாதிக்கும் முறைகள். ஆர்எஃப்சி என்றால் "ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ்", கருத்துக் கேட்கும் ஆவணம். ரஸ்ட் மொழி 2014-இல் ஆர்எஃப்சி முறையைத் தொடங்கியது, அதே ஆண்டில் எம்பர் ஃப்ரேம்வொர்க் அதைத் தனக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் ரியாக்ட், வியூ.ஜேஎஸ் ஆகியவையும் பின்னர் இதே வழிக்கு வந்தன. ஜாங்கோ என்ற பைதான் ஃப்ரேம்வொர்க்கின் டிஇபி (மேம்பாட்டு முன்மொழிவு), பைதான் மொழியின் பிஇபி ஆவணங்களைப் பார்த்து உருவானது. பெயர்கள் வேறு, உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே: ஏன் வேண்டும், எப்படி வேலை செய்யும், என்ன குறைகள், வேறு என்ன வழிகள் இருந்தன. எம்பரின் படிவத்தில் "இதை எப்படிக் கற்றுக்கொடுப்போம்" என்று ஒரு பகுதியும் உண்டு. எல்லா ஃப்ரேம்வொர்க்குகளும் இதைக் காப்பியடித்தால் நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு முன்மொழிவைப் படிக்கும்போது நான் முதலில் போவது குறைகள் பகுதிக்குத்தான். அது காலியாக இருந்தால், எழுதியவர் இன்னும் தன் யோசனையோடு காதலில் இருக்கிறார், அதை உரசிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சின்ன மாற்றங்களுக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லை, ஓர் ஆப்ஷன் சேர்ப்பதற்கு இஷ்யூவே போதும்.

"இதைத் தனி பேக்கேஜா எழுதுங்க"னு சொல்லிட்டாங்க. இது நாசூக்கா துரத்தி விடுறதுதானே?

பெரும்பாலும் இல்லை. ஜாங்கோவின் மைக்ரேஷன் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் அமைப்பில் செய்யும் மாற்றங்களைக் கோடாக வைத்துக்கொள்ள ஆரம்பத்தில் ஜாங்கோவுக்குள் எதுவும் இல்லை. ஆண்ட்ரூ காட்வின் தொடங்கிய சவுத் என்ற பேக்கேஜ்தான் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தது. 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, சவுத் தந்த அனுபவத்தை வைத்துப் புதிதாக எழுதி, 2014 செப்டம்பரில் வந்த ஜாங்கோ 1.7-இல் சேர்த்தார்கள். சவுத்தை அப்படியே தூக்கி உள்ளே வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியே இருந்த காலத்தில் எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று தெரிந்துவிட்டிருந்தது.

2025 டிசம்பரில் வந்த ஜாங்கோ 6.0-இல் டெம்ப்ளேட் பார்ஷியல் (பக்கத்தின் ஒரு துண்டுக்குப் பெயர் வைத்துத் தனியே பயன்படுத்தும்) வசதி சேர்ந்ததும் இதே பாதையில்தான், அதுவும் முதலில் தனி பேக்கேஜாக இருந்தது. பேக்கேஜ் வாரத்துக்கு ஒருமுறைகூட ரிலீஸ் ஆகலாம், தப்பான ஏபிஐயை (பிறர் கோடு அழைத்துப் பயன்படுத்தும் இடைமுகத்தை) அடுத்த பதிப்பிலேயே மாற்றலாம். கோருக்குள் (ஃப்ரேம்வொர்க்கின் மையப் பகுதிக்குள்) போனபின் அந்தச் சுதந்திரம் கிடையாது.

அப்போ எதுதான் கோருக்குள்ளேயே இருக்கணும்னு வாதாடலாம்?

வெளியிலிருந்து செய்ய முயன்றால் ஃப்ரேம்வொர்க்கின் உள்ளுறுப்புகளைப் பிய்த்துப் போட வேண்டியிருக்கிறது என்றால், அது வலுவான வாதம். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஜாங்கோவின் டிக்கெட் எண் 373. ஒன்றுக்கு மேற்பட்ட காலம்களைச் (டேபிளின் நெடுவரிசைகளைச்) சேர்த்து பிரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் மதிப்பாக) வைக்க வேண்டும் என்ற கோரிக்கை அது, 2005-இல் திறக்கப்பட்டது. கேட்பதற்குச் சின்ன விஷயம்போல் இருக்கிறது. ஆனால் பிரைமரி கீ என்பது ஒற்றை மதிப்பு என்ற அனுமானம் ஜாங்கோ முழுக்க ஊறியிருந்தது. ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டுவது) ஒரே காலமைத்தான் வைத்துக்கொள்கிறது. அட்மின் பக்கத்தின் யூஆர்எல் ஒரே மதிப்பைத்தான் சுமக்கிறது. ஜெனரிக் ரிலேஷன் (எந்த டேபிளையும் சுட்டக்கூடிய இணைப்பு) ஒரே காலமில்தான் ஆப்ஜெக்டின் அடையாளத்தை எழுதி வைக்கிறது.

வெளிப் பேக்கேஜ்கள் முயன்று பார்த்தன, எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் 2025 ஏப்ரலில் வந்த 5.2-இல்தான் வசதி வந்தது. அப்போதுகூட அத்தகைய மாடலை (டேபிளைக் குறிக்கும் கிளாஸை) ஃபாரின் கீயால் சுட்டவோ அட்மினில் பதிவு செய்யவோ முடியாது என்ற வரம்போடுதான் வந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாக ஒரே வீச்சில் செய்யாமல், முடிந்த துண்டை முதலில் வெளியிட்டதுதான் அதில் கற்க வேண்டிய உத்தி.

எல்லோரும் ஒரே இடைமுகத்துக்கு உடன்பட வேண்டியிருப்பது இன்னொரு நல்ல காரணம். ஜாங்கோ 6.0-இன் பின்னணி டாஸ்க் வசதி அப்படி வந்தது. வேலையை வரிசையில் போடுவதற்குப் பொதுவான முறையை மட்டும் கோர் தருகிறது, அதை ஓட்டும் வொர்க்கரை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு சார்ந்த இயல்புநிலை அமைப்புகளும் கோருக்குள்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவை தேவைப்படுபவருக்கு அவை தேவை என்பதே பெரும்பாலும் தெரியாது.

கோடையும் எழுதி, டெஸ்டும் போட்டு புல் ரிக்வெஸ்ட் (கோடைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினேன். அப்பவும் ஏன் மறுக்கிறாங்க?

நீங்கள் தந்தது முதல் கேள்வியில் சொன்ன இரண்டு வேலைகளில் முதலாவதை மட்டும். இரண்டாவது இன்னும் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. மனம் வலிக்கும் என்பது உண்மை, பல வாரங்கள் உழைத்தவருக்கு அது சின்ன வலி இல்லை. அதைத் தவிர்க்க ஒரே வழி, பெரிய மாற்றமாக இருந்தால் கோடு எழுதுவதற்கு முன்பே சிக்கலைச் சொல்லிக் கருத்துக் கேட்பது. யோசனையை விளக்கும் அளவுக்கு ஒரு மாதிரிக் கோடு இருந்தால் போதும். அது தூக்கி எறியப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மற்றவர்களும் தயக்கமில்லாமல் விமர்சிப்பார்கள்.

முன்னூறு பேர் லைக் போட்டிருக்காங்க. சேர்த்துட வேண்டியதுதானே?

லைக், தேவை இருக்கிறது என்பதைக் காட்டும். எந்த வடிவமைப்பு சரி என்பதைக் காட்டாது. ஆங்குலரில் வசதிக் கோரிக்கைக்கு 60 நாள் அவகாசத்தில் 20 ஓட்டுகளாவது சேர வேண்டும் என்று ஒரு முறை உண்டு. அதைத் தாண்டினால் கிடைப்பது பரிசீலனை மட்டும்தான். ஓட்டு கதவைத் திறக்கிறது, உள்ளே என்ன நடக்கும் என்பதை அது முடிவு செய்வதில்லை.

இணையத் தொழில்நுட்ப நெறிகளை உருவாக்கும் ஐஇடிஎஃப் 2014-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 7282 இதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுப்பப்பட்ட ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லப்பட்டிருந்தால் கருத்தொற்றுமை எட்டியதாகக் கொள்ளலாம், எல்லா ஆட்சேபத்தையும் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ரியாக்ட் ஹூக்ஸ் (ஃபங்ஷனாக எழுதிய கம்போனென்ட்டுக்குள் ஸ்டேட் போன்ற வசதிகளைத் தரும் முறை) விவாதம் இதற்குப் பொருத்தமான உதாரணம். 2018 அக்டோபரில் முன்மொழிவு வந்ததும் பலரும் ஒரே விஷயத்தை எதிர்த்தார்கள்: ஹூக்குகள் அழைக்கப்படும் வரிசையை நம்பி இயங்குவது ஆபத்து, ஒரு கண்டிஷனுக்குள் வைத்தாலே உடைந்துவிடும். குழு அந்த வடிவமைப்பை மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு ஹூக்குக்கும் பெயர் கொடுத்தால் இரண்டு கஸ்டம் ஹூக்குகளின் பெயர்கள் மோதிக்கொள்ளும் என்பதைக் காரணம் காட்டியது, தவறைப் பிடிக்க லின்ட் விதியும் (கோடைத் தானே சரிபார்க்கும் கருவிக்கான விதி) தந்தது. எதிர்த்தவர்கள் எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை. ஆனாலும் அவர்களுக்குப் பதில் கிடைத்தது.

கடைசியில முடிவெடுக்கிறது யாரு?

ஃப்ரேம்வொர்க்குக்கு ஃப்ரேம்வொர்க் மாறும். லாராவெல்லில் அதை உருவாக்கிய டெய்லர் ஆட்வெல்லின் சொல்தான் கடைசி. ரெயில்ஸில் கோர் டீம் உண்டு, அதை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சனின் கருத்துக்கு அங்கே எடை மிக அதிகம். ஜாங்கோ 2020-இல் கோர் டீம் என்ற அமைப்பையே கலைத்தது, இன்று பெரிய தொழில்நுட்ப முடிவுகள் தேர்தல் மூலம் வரும் ஐந்து பேர் கொண்ட ஸ்டீயரிங் கவுன்சிலிடம் போகின்றன. முன்மொழிவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரின் ரசனையில் நிற்கும் திட்டத்தில் நீண்ட ஆவணம் எழுதி ஆதரவு திரட்டுவதும், ஆவணம் கேட்கும் திட்டத்தில் ஒருவருக்குத் தனிச்செய்தி அனுப்புவதும் வீண்.

மத்த ஃப்ரேம்வொர்க்ல எல்லாம் இருக்கு. இங்க மட்டும் ஏன் இல்ல?

இந்தக் கேள்வி நேர்மையானது, வாதமாக வைத்தால் மட்டும் பலவீனமாகிவிடும். ரெயில்ஸில் மாடல் ஃபைலை நீங்கள் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, பெயரைப் பார்த்து ட்சைட்வெர்க் என்ற லோடர் தானே எடுத்து வரும். அதை ஒரு பைதான் ஃப்ரேம்வொர்க்கில் கேட்டால், வெளிப்படையான இம்போர்ட்டை நம்பியிருக்கும் எடிட்டர்களும் டைப் செக்கர்களும் குழம்பிப் போகும். அந்த வசதி அங்கே நன்றாக இருப்பதற்குச் சுற்றியிருக்கும் மற்றவையும் காரணம்.

அதற்குப் பதில் அந்த ஃப்ரேம்வொர்க்கின் இஷ்யூக்களில் போய்த் தேடுங்கள். அந்த வசதி அவர்களுக்கு என்ன தலைவலி தந்தது, இன்று மறுபடி செய்தால் எதை மாற்றுவார்கள் என்று எழுதிக் கொண்டு வந்தால், நீங்கள் இலவசமாகப் பல ஆண்டு அனுபவத்தைக் கொண்டு வருகிறீர்கள்.

பேர் வைக்கிறதுக்குப் போய் ஏன் இவ்வளவு நீளமா பேசுறாங்க?

பாதி நேரம் அது வீண் பேச்சுதான், பெயரைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருக்கும் என்பதால். மீதிப் பாதியில் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அரேக்களைத் (மதிப்புப் பட்டியல்களைத்) தட்டையாக்கும் ஃபங்ஷனுக்கு ஃப்ளாட்டன் என்று பெயர் வைக்க முன்மொழிந்தார்கள். 2018-இல் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அது வந்ததும் ஒரு தளம் உடைந்தது. காரணம், மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் தன்னுடைய ஃபங்ஷனை அரேயில் ஒட்டி வைத்திருந்தது. பெயரை ஃப்ளாட் என்று சுருக்கித்தான் 2019-இன் தரநிலையில் சேர்த்தார்கள். ஃப்ரேம்வொர்க்கில் ஒரு பொதுக் கிளாஸுக்குப் புதிய மெத்தட் சேர்க்கும்போதும் இதே கதைதான், அந்தக் கிளாஸை நீட்டித்து அதே பெயரில் மெத்தட் எழுதியவர்கள் உங்களுக்குத் தெரியாமல் இருப்பார்கள்.

எனக்கு ஒரு முன்மொழிவு பிடிக்கல. சண்டை போடாம எப்படி எதிர்க்கிறது?

எதிர்ப்பையும் மூன்றாம் கேள்வியில் சொன்ன மாதிரியே எழுதுங்கள்: உங்கள் கோடில் எந்த இடம் பாதிக்கப்படும், எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கும். 2019 ஜூனில் வியூ.ஜேஎஸ் ஃபங்ஷன் அடிப்படையிலான புதிய கம்போனென்ட் ஏபிஐயை முன்மொழிந்தபோது, பழைய ஆப்ஷன்ஸ் ஏபிஐ ஒருநாள் போய்விடும் என்ற அச்சம் பரவி விவாதம் கொதித்தது. கோபமாக வந்தவை ஏராளம். அதற்கு நடுவே "நான் ஏன் வியூவைத் தேர்ந்தெடுத்தேன், எதை இழப்பேன்" என்று பொறுமையாக எழுதியவர்களும் இருந்தார்கள். முன்மொழிவு திருத்தப்பட்டது, காம்போசிஷன் ஏபிஐ என்று பெயர் மாறியது, கூடுதலாக மட்டுமே வரும், பழையது தொடரும் என்ற உறுதி தரப்பட்டது. 2020 செப்டம்பரில் வியூ 3 அப்படியே வந்தது.

"யாருக்கும் இது வேண்டாம்" என்று எழுதாதீர்கள். எழுதியவருக்கு வேண்டும், அதனால்தான் எழுதியிருக்கிறார். உங்களுக்கு ஏன் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

"எக்ஸ்பெரிமென்டல்"னு போட்டு விட்டுப் பார்க்கலாமே, என்ன நஷ்டம்?

நல்ல வழிதான், திரும்ப எடுக்கும் துணிவு இருந்தால். வியூவின் ரியாக்டிவிட்டி டிரான்ஸ்ஃபார்ம் அப்படி வந்த ஒன்று. ரெஃப்பின் (மாறினால் திரையும் தானே மாறும் ரியாக்டிவ் வேரியபிளின்) மதிப்பை எடுக்க ஒவ்வொரு முறையும் டாட் வேல்யூ எழுதும் தொல்லையை கம்பைலர் மூலம் நீக்கியது. பயன்படுத்திப் பார்த்தபோது, எந்த வேரியபிள் ரியாக்டிவ், எது சாதாரணமானது என்று கோடைப் படிப்பவருக்குத் தெரியாமல் போனது. 2023 டிசம்பரில் வந்த 3.4-இல் நீக்கினார்கள், விரும்பியவர்களுக்கு வெளிப் பேக்கேஜில் கிடைக்கும்படி செய்தார்கள். அந்த நீக்கத்தை நான் பெரிய வெற்றியாகவே பார்க்கிறேன். நிலையானது என்று அறிவித்திருந்தால் ஜாங்கோவைப் போலக் குறைந்தது இரண்டு ஃபீச்சர் ரிலீஸ்களுக்காவது எச்சரிக்கை காட்டிக்கொண்டே வைத்திருக்க நேர்ந்திருக்கும்.

எங்க கம்பெனி ஆளும் பணமும் தர்றோம்னா சீக்கிரம் சேர்ப்பாங்களா?

பராமரிக்க ஆள் தருகிறோம் என்பது உண்மையிலேயே எடையுள்ள வாக்குறுதி. ஆனால் நிறுவனத்தின் முன்னுரிமை அடுத்த ஆண்டே மாறலாம் என்பது மெயின்டெய்னர்களுக்குத் தெரியும். புதிய வசதிக்கு ஆள் தருவதற்கு முன், தேங்கிக் கிடக்கும் இஷ்யூக்களைப் பார்க்க அதே ஆளைச் சில மாதங்கள் அனுப்பிப் பாருங்கள். அவர் சொல்லும் வாதத்தைக் கேட்கும் விதமே மாறிவிடும்.

எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். விவாதத்துல என் பேச்சு எடுபடுமா?

எடுபடும். சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள், தோல்வியடையும் ஒரு டெஸ்டை இணையுங்கள். பத்து வரிக் கோடு சிக்கலைக் காட்டிவிட்டால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை.

என் கோரிக்கையை மூடிட்டாங்க. திரும்பத் திறக்கச் சொல்லலாமா?

புதிய தகவல் இருந்தால் தாராளமாக. அதே வாதத்தை உரத்த குரலில் சொல்வதற்கு என்றால் வேண்டாம். மூடியதற்கான காரணத்தை இரண்டு முறை படியுங்கள். பல சமயம் அதில் உங்களுக்குத் தேவையான விடையே இருக்கும். இரட்டைச் சமர்ப்பிப்பு உதாரணத்தில், யாராவது இப்படிப் பதில் சொல்லக்கூடும்: "டோக்கனைச் செஷனில் தேடாதீர்கள். யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் விதி) உள்ள ஒரு டேபிளில் முதலில் எழுதிவிட்டு, அது வெற்றி பெற்றால் மட்டும் பணம் எடுக்கும் வேலையைத் தொடங்குங்கள். இரண்டாவது ரிக்வெஸ்ட்டை டேட்டாபேஸே நிறுத்திவிடும்." அப்போது ஃப்ரேம்வொர்க்கில் புதிய கோடு எதுவும் தேவையில்லை, டாக்குமென்டேஷனில் ஒரு பக்கம் தேவை. அந்தப் பக்கத்தை நீங்களே எழுதி அனுப்பினால் அது ஏற்கப்படும் வாய்ப்பு மிக அதிகம். உங்களைப் போலவே இரவு முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் அடுத்தவருக்கு, கோருக்குள் சேர்ந்த வசதி தரும் அதே உதவியை அந்தப் பக்கமும் தரும்.

முன்மொழிவை ஏத்துக்கிட்டாங்க. எவ்வளவு நாள்ல வரும்? இனி என் வேலை முடிஞ்சதா?

நாள் கணக்கு சொல்ல முடியாது. ஹூக்ஸ், அறிவிப்பிலிருந்து நான்கு மாதத்தில், 2019 பிப்ரவரியில் வந்துவிட்டது, ஆனால் அதன்பின்னால் முழுநேரக் குழு இருந்தது. எக்ஸ்பிரஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கின் 5-ஆம் பதிப்பின் முதல் ஆல்பா 2014-இல் வந்தது, நிலையான பதிப்பு 2024-இல். ஏற்கப்பட்டது என்றால் "செய்தால் சேர்த்துக்கொள்வோம்" என்றுதான் பொருள், "நாங்கள் செய்து தருகிறோம்" என்று இல்லை.

வேலையும் முடியவில்லை. ரிலீஸுக்கு முந்தைய பீட்டாவை உங்கள் சொந்தப் ப்ராஜெக்ட்டில் ஓட்டிப் பாருங்கள், வசதியைக் கேட்டவர்கள் பலர் அதைச் செய்வதே இல்லை. வெளிவந்த முதல் சில வாரங்கள் இஷ்யூக்களில் கண் வைத்திருங்கள். வசதி ஏன் இப்படி வடிவமைக்கப்பட்டது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, அந்த விவாதம் முழுவதையும் நினைவில் வைத்திருப்பவர் நீங்கள்தான்.